தழைக்கட்டு

எழுந்ததும் ஸ்டவ்வை ஆட்டிப் பார்ப்பேன். மண்ணெண்ணெய் இருந்தால் பற்றவைப்பேன். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் பல் கூசும். கொட்டகைக்குப் போய்க் கறுப்பு ஆட்டிடம் ஒரு டம்ளர் பால் கறந்து வருவேன். டீ. இரண்டு துண்டு பிரெட். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். ஸ்வெட்டர், மப்ளர், ரப்பர் பூட்ஸ். கதவைச் சாத்துவேன், பூட்டுவதில்லை. மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி வயலைப் பார்ப்பேன்.

என் மனைவி சாந்தகுமாரி இருந்தபோதும் ஏறக்குறைய இதேதான். டீயை அவள் போடுவாள், பாலை அவள் கறப்பாள். வேறெதையும் நான் மாற்றவில்லை.

மேடு என்றது யமுனையின் வெள்ளக்கரை. தில்லியில் அதைப் புஷ்தா என்பார்கள். புஷ்தாவுக்கு ஆற்றுப்பக்கம் எங்கள் துறையின் சோதனை வயல். இந்தப் பக்கம், வெள்ளம் எட்டாத இடத்தில், ஆட்டுக்கொட்டகையும் என் குவார்ட்டர்ஸும். அதற்கும் அப்பால் மயூர் விஹாரில் ஃபிளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எண்பத்து மூன்றாம் வருடத்தின் குளிர்காலம் அது.

வயலில் வரிசை வரிசையாகச் சவுண்டல் மரம். வரிசைகளுக்கு நடுவே கோதுமை. மரத்தின் தழை ஆட்டுக்கு. ஆட்டெரு கோதுமைக்கு. கோதுமையின் வைக்கோல் மறுபடியும் ஆட்டுக்கு. எங்கள் அதிகாரி தியாகி சாப், பார்க்க வருகிறவர்களுக்கு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு இதை விளக்குவார். எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் வட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த வட்டம் சுற்றுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கோதுமை முளைத்துத் தூர் கட்டும் சமயத்தில் மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டினால் பயிருக்கு வெயில் கிடைக்கும், வெட்டிய தழையைக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்க ஆட்டுக்குப் போடலாம். வெட்டாவிட்டால் பயிர் நிழலில் வெளுக்கும். உறைபனி ஒருநாள் இறங்கினால் தழையும் கருகும். அப்போது ஆட்டுக்கும் இல்லை, பயிருக்கும் இல்லை.

அந்த வருடம் வெட்டவில்லை. மரங்கள் இரண்டு ஆள் உயரத்துக்குப் போயிருந்தன. அடியில் கோதுமை நூல் மாதிரி நின்றது.

காரணம் முதல் வரிசையின் முதல் மரம். அதன் தண்டில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் மூன்று கல், குங்குமம், ஒரு ஜோடிக் கண்ணாடி வளையல். கட்டியவள் வீராயி. அது முதல் மரம் என்பதால் மற்ற மரங்களிலும் யாரும் கத்தி வைக்கவில்லை.

வீராயியும் அவள் புருஷன் காத்தவராயனும் எங்கள் வயலில் தினக்கூலி. சின்னசேலம் பக்கத்து ஆட்கள். புஷ்தாவை ஒட்டிய ஜுக்கிக் குடிசைகளில் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. பெண்கள் ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பார்கள், ஆண்கள் கட்டிடத்தில் கல் தூக்குவார்கள். எங்கள் வயலில் வேலை செய்யும் எல்லோரும் வீராயி சேர்த்துக்கொண்டு வந்தவர்கள். சாந்தகுமாரியும் கள்ளக்குறிச்சிப் பெண். தில்லிக்கு வந்து இறங்கிய வாரத்தில் வீராயியின் பேச்சைக் கேட்டு ஊர் விசாரித்தாள். அதற்குப் பிறகு பகலில் அவள் குவார்ட்டர்ஸில் இருந்ததே இல்லை. வயலில் இருப்பாள். நடவு நாளில் மழையில் நனைந்துகொண்டு கன்று ஒவ்வொன்றையும் பையிலிருந்து உருவி வீராயியின் கையில் கொடுத்தவள் அவள்தான். முதல் கன்றை அவளையே நடச்சொன்னார்கள்.

செப்டம்பரில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அந்த வருடம் மழை விட்டபின் பலருக்கும் வந்தது, பலருக்கும் போனது. அவளுக்கு நாலாம் மாதம். கர்ப்பத்தோடு வந்தால் இது வேறு நோய் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஒரு வியாழக்கிழமை சேர்த்தேன், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். நானும் ஆபீஸ் ஆட்கள் நாலு பேரும்.

பிள்ளை விஷயம் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் மாதம் பிறந்தபின் ஊருக்கு எழுதலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். வீராயிக்கும் சொல்லவில்லை. திருஷ்டி என்று ஒரு பயம் அவளுக்கு. பிறகு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

*

சேஷு எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். லோதி ரோடிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். வந்ததும் முதல் வேலை என் குவார்ட்டர்ஸ் திண்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டுவது.

"ஏண்டா, இந்த ஆடு என்னையே பாத்துண்டிருக்கு?"

"பசி."

"எல்லா ஆடும் பாக்கறது."

"எல்லாத்துக்கும் பசி."

"தழையை மலை மாதிரி வளர்த்து வெச்சுண்டு ஆட்டைப் பட்டினி போடற ஆராய்ச்சி உலகத்துலயே இது ஒண்ணுதான். பெரியவர் கொதிச்சுப் போயிருக்கார். உன்னை அழைச்சுண்டு வரச்சொன்னார். ஜல்தி."

"போகலாம்."

"போகலாம்னா சட்டையை மாத்து. ஆட்டு வாசனை அடிக்கறது." நான் எழுந்திருக்காததைப் பார்த்து அவன் குரலை இறக்கினான். "நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டியே. அந்த வீராயி சொல்றாளே, அது நெஜமா?"

"என்ன சொல்றா?"

"சாந்தா கடைசியா, 'என் மரத்துல கத்தி வைக்காதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாளாம். ஜுக்கி பூரா அதுதான் பேச்சு. எங்காத்துல பால் ஊத்தறவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

அது எனக்கும் ஏற்கனவே காதில் விழுந்திருந்தது. காத்தவராயன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒருவேளை யாரும் ஆரம்பிக்காமல் அதுவாக வந்திருக்கலாம்.

"நீ ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தியே. சொன்னாளா?"

"வா, பஸ் போயிடும்" என்றேன்.

*

தியாகி சாப் நல்ல மனிதர். அவள் இறந்தபோது மனைவியோடு வந்து பத்து நாளைக்குச் சப்பாத்தியும் பருப்பும் அனுப்பியவர். பேசுவதெல்லாம் இந்தி. என் பெயரில் பாதியை மட்டும் சொல்லுவார்.

"மாணிக், உட்கார். டீ குடி. நான் மூன்று மாதம் பேசவில்லை. பேசவில்லையா?"

"பேசவில்லை, சாப்."

"இன்று பேசுகிறேன். கோதுமை நிழலில் செத்துக்கொண்டிருக்கிறது. ஆடு வெறும் வைக்கோல் தின்கிறது. மரத்துக்கு வளையல் போட்டிருக்கிறார்கள். நாம் செய்வது ஆராய்ச்சியா, பூஜையா?"

நான் டீயைக் குடித்தேன்.

"போன வாரம் நான் அனுப்பிய ஆட்களுக்கு என்ன ஆனது?"

ஆற்றுக்கு மேற்கேயிருந்து ஆறு பீகாரி ஆட்களை அனுப்பியிருந்தார். அவர்கள் கத்தியோடு வந்தார்கள். முதல் மரத்தில் மஞ்சள் துணியையும் வளையலையும் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். கும்பிட்டுவிட்டு, மாதாஜியின் மரத்தை வெட்ட எங்களுக்கென்ன பைத்தியமா என்று சொல்லி, வீராயியிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதைச் சொன்னேன். தியாகி சாப் சிரித்துவிட்டார். சிரித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேள். நம் ஆராய்ச்சியைப் பார்வையிடும் கமிட்டி ஹோலிக்கு முன்னால் வருகிறது. அவர்கள் மரத்தைப் பார்க்க மாட்டார்கள். கோதுமையைப் பார்ப்பார்கள். மரத்தோடு சேர்ந்தால் பயிர் விளையாது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு இந்த நிலத்தில் மரமே இருக்காது. அடுத்த திங்கட்கிழமை வரை பார்ப்பேன். நீ வெட்டினால் பயிர் இன்னும் தேறும். வெட்டாவிட்டால் நானே டிராக்டர் அனுப்பிவிடுவேன். வேரோடு எடுத்துவிட்டு வெறும் கோதுமை. ஆடுகளை ஏலம் போடலாம். உன் மதராஸி ஆட்களுக்கும் வேலை இல்லை."

"அச்சா, சாப்."

"உனக்குப் புரிகிறதா? கிளையை வெட்டினால் மரம் பிழைக்கும். வெட்டாவிட்டால் மரம் போகும்."

"புரிகிறது."

புரியாமல் இல்லை. சவுண்டல் வெட்ட வெட்டத் தழைக்கும் மரம். வெட்டுவதற்காகவே வைப்பது. அவள் நட்டது என்று இந்த நகரத்தில் வேறு எதுவும் கிடையாது. அதைக் காப்பாற்ற அதை வெட்டவேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று மாதமாக நானும் வெட்டவில்லை. வீராயியைக் காரணம் காட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

*

மறுநாள் காலை வீராயி களைக்கொட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு இன்னும் மூன்று பெண்கள். மூடுபனியில் தலைமுக்காடு மட்டும் தெரிந்தது. தியாகி சாப் சொன்னதைச் சொன்னேன்.

"டிராக்டரு வந்தா வரட்டும் சார். டிரைவரு கை விளங்காமப் போவும்."

"வேலையும் போகும் வீராயி."

"போனாப் போவுது. ஃபிளாட்டுல பாத்திரம் தேய்ப்பேன்."

"நீ தேய்ப்பே" என்றார் காத்தவராயன், பின்னாலிருந்து. அவர் பீடியைக் காதில் செருகியிருந்தார். "இவளுங்க மூணு பேரும் எங்க போவாளுங்க? எனக்கு முதுகு போச்சு, கட்டிடத்துல இனிமே எவன் சேத்துப்பான்?"

"உனக்கு முதுகு எப்ப இருந்துச்சு, இப்பப் போறதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். காத்தவராயனும் சிரித்தார்.

"நான் சொல்றது என்னன்னா சார்," என்று வீராயி களைக்கொட்டைக் கீழே வைத்தாள். "நாங்க அந்தப் புள்ள மூஞ்சியக்கூடப் பாக்கல. மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டி, பூ வச்சு அனுப்பல. ஆம்பளைங்க நாலு பேரு தூக்கினு போனீங்க. பூவும் பொட்டுமாப் போனவ. எங்க ஊருல அப்படிப் போனவள வூட்டுத் தெய்வமா வச்சுக் கும்புடுவோம். பூவாடக்காரின்னு. இங்க எங்களுக்கு வூடு ஏது, சொவரு ஏது? முனிசிபாலிட்டிக்காரன் வந்தா ஜுக்கியே இல்ல. அவ கையால வச்ச மரம் இருக்குது. அதுல வந்து இருடி தாயின்னு கூப்புட்டோம். வந்துட்டா. இப்ப எந்த மொகத்த வச்சுனு கத்திய வைக்கிறது?"

"வந்துட்டான்னு எப்படித் தெரியும்?"

"துணி கட்டுன அன்னிக்கு என் கனவுல வந்தா. ஒண்ணும் பேசல. நின்னா."

என் கனவில் அவள் வந்ததில்லை.

"நீங்க தொட்டுத் தாலி கட்டுனவரு. உங்க கையால நீங்க வெட்டுங்க. நாங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டோம்."

கொட்டகைக்குப் போய்த் தொரட்டியை எடுத்து வந்தேன். நீண்ட மூங்கில், நுனியில் வளைந்த கத்தி. சாந்தகுமாரி அதை விருப்பத்தோடு பிடிப்பாள். உயரக் கிளையில் கத்தியை மாட்டி ஒரே இழுப்பு. கிளை விழும்போது "ஏய், தள்ளு" என்று ஆட்டைச் சத்தம் போடுவாள். ஆடு தள்ளாது, கிளையோடு சேர்ந்தே ஓடிவரும்.

முதல் மரத்தின் முன் நின்றேன். பெண்கள் எழுந்து நின்றார்கள். தொரட்டியை உயர்த்திக் கிளையில் மாட்டினேன். இலைகளிலிருந்து பனித்தண்ணீர் முகத்தில் கொட்டியது. இழுக்கவேண்டியதுதான் பாக்கி. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். பிறகு கத்தியைக் கழற்றிவிட்டுத் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினேன்.

வீராயி "பாத்தீங்களா" என்றுகூடச் சொல்லவில்லை. களைக்கொட்டை எடுத்துக்கொண்டு குந்தினாள்.

*

சனிக்கிழமை காலை புல்லின் மேல் வெள்ளையாக இருந்தது. லேசான உறைபனி. சவுண்டலின் உச்சிக் கொழுந்துகள் வெந்தமாதிரி தொங்கின. ஒரு பலமான பனிக்கு முன்னறிவிப்பு அது. கொட்டகையில் ஒரு குட்டி எழுந்திருக்கவில்லை. சாகவில்லை, எழுந்திருக்கவில்லை. தாயிடம் பால் வற்றிவிட்டது. அன்று நான் டீ போடவில்லை.

வயலுக்குப் போனேன். வீராயி மரத்தடியில் இருந்தாள். கற்களைக் கழுவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டாங்குச்சியில் பால் இருந்தது. டீக்கடையிலிருந்து கொண்டுவந்திருப்பாள்.

"பனி தட்டிடுச்சு சார்" என்றாள். "அதான் பால் வச்சேன். எறக்கம் காட்டுடின்னு."

"வீராயி."

"சொல்லுங்க."

"அவளுக்கு நாலு மாசம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வயித்துல பிள்ளை இருந்தது. நாலு மாசம். அதனாலதான் காமாலை முத்திப்போச்சு. அஞ்சாம் மாசம் உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தா."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியாது. குட்டியைப் பார்த்துவிட்டு வந்ததால் இருக்கலாம். வேறு திட்டம் எதுவும் எனக்கு இல்லை.

வீராயி எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த குங்குமத்தைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"வாந்தி எடுத்தாளே" என்றாள். "கரையேறும்போது நின்னு நின்னு ஏறுனாளே. வெயிலுன்னு சொன்னா. நானும் வெயிலுன்னு நெனச்சேன். மூணு பெத்தவ நான்."

பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாகத்தான். மற்ற பெண்கள் ஓடிவந்தார்கள். அவள் அவர்களுக்குச் சொன்னாள். அவர்களும் அழுதார்கள். இறந்தவளுக்காக நம் பெண்கள் அழும் அழுகையை அப்போதுதான் முதலில் கேட்டேன். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் யாரும் அப்படி அழவில்லை. நான் வரப்பில் நின்றேன். எனக்கு வரவில்லை.

அழுது முடித்ததும் வீராயி மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு, வேலை சொல்லும் குரலில் பேசினாள்.

"தப்புப் பண்ணிட்டோம் சார். பெரிய தப்பு."

"என்ன தப்பு?"

"வயித்துச் சொமையோட போனவள இப்படிக் கட்டி நிறுத்துவாங்களா? அவ பூவாடக்காரி ஆவ மாட்டா. அவளால உக்காரவும் முடியாது, நிக்கவும் முடியாது. சொமைய எறக்கி வைக்க எடமில்லாம அலைவா. கனவுல வந்து நின்னாளே, ஒண்ணும் பேசாம. நான் முட்டாச் சிறுக்கி, வந்துட்டான்னு சந்தோசப்பட்டேன். எறக்கி வையுங்கடின்னு கேக்க வந்திருக்கா."

"அதுக்கு?"

"சொமதாங்கி நடணும்."

ஊர்ப்பக்கம் சாலையோரங்களில் நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கிவைத்து இளைப்பாறும் உயரம். பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நடுவது. வழிப்போக்கர்கள் சுமை இறக்க இறக்க அவள் சுமையும் இறங்கும் என்பார்கள். படித்த காலத்தில் அதில் சாய்ந்து நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.

"அப்ப இந்த மரம்?" என்றேன்.

"மரம் வெறும் மரம்தான் சார் இனிமே" என்றாள் வீராயி.

மஞ்சள் துணியின் முடிச்சு மழையிலும் பனியிலும் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். "தெரியாமக் கட்டிப்புட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்று தண்டைத் தடவினாள். பால் இருந்த கொட்டாங்குச்சியை என்னிடம் கொடுத்தாள்.

"குட்டிக்கு ஊத்துங்க."

*

கல்லுக்குக் காத்தவராயன் போனார். ஃபிளாட் கட்டும் இடத்தில் உடைந்த சிமெண்டுப் பலகைகள் கிடந்தன. வாட்ச்மேனிடம் என்ன சொன்னாரோ, பையா பையா என்று அண்ணன் முறை வைத்துப் பேசி, அங்கிருந்த ஆட்களை வைத்தே மூன்று பலகையை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். கருங்கல் இல்லையே என்று வீராயி முனகினாள்.

"தில்லியில செத்தவளுக்குத் தில்லிக் கல்லுதான்" என்றார் அவர். "ஊருலேர்ந்து ரயில்லயா கொண்டாருவாங்க?"

இடத்தை வீராயி காட்டினாள். புஷ்தாவின் உச்சி. வயலிலிருந்து தழைக்கட்டோடு ஏறுகிறவர்களுக்கு அங்கேதான் மூச்சு வாங்கும். சாந்தகுமாரி நின்று நின்று ஏறியது அந்தச் சரிவில்தான்.

குழியை நான் தோண்டினேன். மேலே கெட்டி மண், கீழே ஆற்று மணல். இரண்டு பலகையை நிறுத்தி, செங்கல் உடைத்துப்போட்டு இடித்தோம். மூன்றாவதைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வீராயி தலைச்சுமை இறக்குவதுபோல் நின்று பார்த்து, உயரம் அதிகம் என்றாள். மறுபடியும் தோண்டினோம். இரண்டாம் முறை சரியாக இருந்தது.

"பேரு எழுதணும்" என்றார் காத்தவராயன். டப்பாவின் அடியில் கொஞ்சம் நீலப் பெயிண்ட் கொண்டுவந்திருந்தார். "எனக்கு எழுத வராது. நீங்க எழுதுங்க."

சாந்தகுமாரி என்று எழுதினேன். பெயிண்ட் இன்னும் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் இல்லை. டப்பாவை மூடிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கூலி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சேஷுவும் வந்தான். எதற்கு வந்தாய் என்றேன். "பாக்கலாம்னு" என்றான். கல்லையும் பெயரையும் பார்த்தான். வீராயி அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து நின்றான், வழக்கம்போல ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினான்.

தொரட்டியை என் கையில் கொடுத்தார்கள். முதல் மரத்தின் கிளையில் மாட்டி இழுத்தேன். கிளை விழுந்தது. பச்சை வாசனை வந்தது. அடுத்த கிளை. அடுத்தது. பிறகு காத்தவராயன் வெட்டுக்கத்தியால் தண்டை இடுப்பளவில் சரித்தார். பெண்கள் மற்ற வரிசைகளுக்குப் போனார்கள். மதியத்துக்குள் மூடுபனி விலகிவிட்டது. வெயில் நேராகக் கோதுமை மேல் விழுந்தது. பயிர் மோசமாகத்தான் இருந்தது. கொஞ்சம் தேறும். முன்பு வந்த விளைச்சல் வராது. கமிட்டி என்ன எழுதும் என்று தெரியாது. அவர்கள் எழுதுவதை எழுதட்டும். நாளைக்கு டிராக்டர் வராது, அவ்வளவுதான் நிச்சயம்.

முதல் தழைக்கட்டை வீராயி தூக்கினாள். தழை அவள் முகத்தை மறைத்தது. சரிவில் ஏறினாள். மேலே போனதும் கல்லுக்கு முன் நின்று, கழுத்தை லேசாகத் தாழ்த்தி, கட்டை அதன்மேல் தள்ளினாள். கல் ஆடவில்லை. அவள் இடுப்பில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"எறக்கிட்டேன்" என்றாள். எங்களிடம் இல்லை.

அதற்குப் பின்னால் வந்த எல்லோரும் அப்படியே செய்தார்கள். இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு இறங்கினார்கள். சில்லா கிராமத்துப் பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இது எப்போது வந்தது என்று கேட்காமலே கேனை அதன்மேல் வைத்துவிட்டுச் சங்கிலியைச் சரிசெய்தார். வீராயி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கு எதுவும் இலேசாகவில்லை. ஆனால் அந்தக் கேன் அங்கேயிருந்து எடுக்கப்படும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டகையில் ஆடுகள் முட்டிக்கொண்டு தின்றன. படுத்திருந்த குட்டி எழுந்து நின்றது, ஆனால் தின்னவில்லை. மீதித் தழையைக் காயப்போட்டோம்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் வீராயி மட்டும் கல்லருகே நின்றாள். நானும் ஏறிப்போனேன்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"மரத்துல கத்தி வைக்காதீங்கன்னு அவ சொல்லல, இல்ல?"

"சொல்லல."

"நான் அப்பவே நெனச்சேன். கத்திய வச்சுனு அவதான் முன்னால நிப்பா. அவளா சொல்லுவா?" கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். "அப்ப என்னதான் சொன்னா, கடைசியா?"

ஆஸ்பத்திரியில் அவள் பேசவில்லை. போய்ச் சேர்ந்தபோதே கண் செருகியிருந்தது. கூப்பிட்டால் முனகினாள். அதற்குப் பிறகு முனகலும் இல்லை. அவள் பேசியது வீட்டிலிருந்து கிளம்பும்போது. ஆட்டோ வாசலில் நின்றது. நான் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தேன். கண்ணும் நகமும் மஞ்சள். வானம் இருட்டியிருந்தது. ஓட்டுநர் ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் வெட்டி, அவளே சுமந்து கரையேறிக் கொண்டுவந்த கட்டு முற்றத்தில் கிடந்தது. அதைக் காட்டினாள்.

வீராயியிடம் அதை அப்படியே சொன்னேன். எதையும் கூட்டவில்லை.

"தழைக்கட்டு வெளியிலயே கிடக்குது. மழை வரப்போவுது. நனைஞ்சா ஆடு திங்காது. உள்ள தூக்கிப் போட்டுட்டு வாங்க. அவசரமில்ல, நான் உக்காந்திருக்கேன்."